பாண்டு வைத்து அனுப்பிய வீடு

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன முதல் சனிக்கிழமை, ஊறவைத்த புளியையும் செங்கல் தூளையும் அத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். குத்துவிளக்கு துலக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். மாமா உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து சாக்கில் பரப்பியவையோ கார்னெட்டும் டிராம்போனும் வளைந்து வளைந்து போகும் பெரிய பித்தளைக் குழல்களும். "வாய் வைக்கிற எடத்துல மட்டும் தூளு படாமப் பாத்துக்க ஆத்தா" என்றார். அப்படி ஒரு பாத்திரத்தை நான் அதுவரை துலக்கியதில்லை.

ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. மாமா புதுக்கோட்டை அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் வாசித்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதும் அந்த வேலையும் போனது. ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தார். முன்பிருந்த பங்குச் சாமியார் ஒருவர் வாங்கிப்போட்ட வாத்தியங்கள், எலி கடித்த உறைகளோடு மாதா கோயில் அறையில் கிடந்தன. மாமா அவற்றை வெளியே எடுத்தார். கடலை விவசாயிகள், ஒரு கொத்தனார், கோயில் மணியடிப்பவர் என்று கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்து ஊதச் சொல்லிக்கொடுத்தார். முதல் ஈஸ்டர் பவனிக்கு அவர்களுக்குத் தெரிந்தவை இரண்டே மெட்டு, ஒன்று வேகம், ஒன்று நிதானம். அதனால் சப்பரம் தூக்கியவர்கள் பாதித் தெரு ஓடியும் பாதித் தெரு நின்று நின்றும் போனார்களாம். சில வருஷங்களில் சுற்று வட்டாரத்து இந்துக் கல்யாணங்களுக்கும் அழைப்பு வரும் அளவுக்கு அந்த பாண்டு தேறிவிட்டது.

பெரிய டிரம் என் கணவருடையது. பாண்டு ஊருக்குள் நுழையும்போது மற்ற எதையும்விட அதுதான் முதலில் கேட்கும். அடுப்படியில் இருந்தபடியே அவர் எந்தத் தெருவில் வருகிறார் என்று என்னால் சொல்ல முடியும். கல்யாணமான இரண்டாம் வருஷம், கிணற்றில் தூர் எடுத்துக்கொண்டிருந்தபோது மண் சரிந்து அவர் போய்விட்டார். அந்த வருஷம் திருவிழாவுக்குக்கூட பாண்டு வாசிக்கவில்லை. அவருடைய வேட்டி ஒன்றைப் போர்த்தி டிரம்மை மூலையில் வைத்தார் அத்தை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அண்ணன் வீட்டில் வந்து இருந்துவிடு என்று என் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாதான் ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "நீ எட்டாவது பாஸ்தானே ஆத்தா? திருச்சியில சிஸ்டருங்க டீச்சர் டிரெயினிங் வச்சிருக்காங்க. கேட்டுட்டு வந்துட்டேன்."

அத்தை எழுந்து போய்விட்டார். "அவனையும் அனுப்பியாச்சு, இவளையும் அனுப்பணுமா?" என்ற குரல் மட்டும் கொல்லையிலிருந்து கேட்டது. அன்றிலிருந்து நான் கிளம்பும்வரை அவர் என்னோடு பேசவில்லை. அது கோபம் என்று அப்போது எண்ணினேன்.

கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, விடியும் முன்னே பின்சந்து வழியாகப் போய்விடுகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். தாலியறுத்தவள் எதிரே வந்தால் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும் காலம் அது. எங்கள் கோயில் ஊரும் அதற்கு விலக்கில்லை.

"எதுக்கு இருட்டுல போகணும்? களவாண்டுட்டா போறே?" என்றார் மாமா. "வெயிலு வந்தபெறகு போவோம். பாண்டோட போவோம்."

செய்தி தெருவுக்குப் போனது. கிளாரினெட் வாசிக்கும் பெரியவர் வந்து வாசலிலேயே நின்றார். "மாஸ்டர், நீங்க சொல்லி நாங்க எதையும் தட்டுனதில்ல. ஆனா இது நல்லாயில்லைங்க. புருசன எழந்த புள்ளைக்கு மேளதாளமா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். ஒங்களக் கட்டாயப்படுத்தலங்க. நான் ஊதிட்டுப் போறேன்" என்றார் மாமா.

மறுநாள் காலை அரண்மனைக் காலத்து பாண்டு கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மாமா தனியாகத்தான் வாசலில் நின்றார். கார்னெட்டை வாயில் வைத்தார். தகரப்பெட்டியோடு பின்னால் நின்ற எனக்குத் தலை நிமிரவில்லை. தெரு திரும்புவதற்குள் கொத்தனார் டிராம்போனோடு ஓடிவந்து சேர்ந்தார். பிறகு மணியடிப்பவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கோயில் முன்னால் போனபோது சட்டென்று பின்னாலிருந்து டிரம் ஒலித்தது. திரும்பிப் பார்த்தேன். கிளாரினெட் பெரியவர் எங்கள் வீட்டுக்குள் போய், அந்த வேட்டியை மடித்து வைத்துவிட்டு, டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "இது இல்லாம நடை சேரமாட்டேங்குது மாஸ்டர்" என்றார், என்னைப் பார்க்காமல். அதன் பிறகுதான் நான் அழுதேன். அழுதுகொண்டே நிமிர்ந்து நடந்தேன். வாசல்களில் நின்ற பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை.

குளத்தூர் ரோட்டில் பஸ் நின்றதும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு எங்கங்க?" என்று கேட்டார். மாமாதான், "பொண்ணு இதுதாங்க. டீச்சருக்குப் படிக்கப் போகுது. பாத்து எறக்கிவிடுங்க" என்றார். பஸ் கிளம்பிய பிறகும் வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாளில் தலைமை ஆசிரியையாக ஓய்வுபெறும்வரை பல ஊர்களில் வேலை பார்த்தேன். இன்று எங்கள் ஊர்ப் பெண்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். யாரும் நின்று பார்ப்பதுகூட இல்லை. அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மாமாவுக்கும், அன்று மனம் மாறி வந்த அந்தப் பெரியவருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லி முடியாது. ஆனால் இந்தக் கதையைக் கேட்பவர்கள் யாரும் அந்த நன்றிக்கணக்கில் அத்தையைச் சேர்ப்பதில்லை.

முதல் விடுமுறைக்கு நான் ஊர் திரும்பியபோது அறுவடை நேரம். பாண்டுக்காரர்கள் எல்லோரும் வயலில். ரோட்டில் அத்தை மட்டும் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்திருக்கிறார். "எளச்சுட்டே" என்றார். வேறொன்றும் சொல்லாமல் தகரப்பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்குப் படிப்பு இன்னும் பாதிகூட முடியவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்காமலே, "எங்க டீச்சர் வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டே போனார்.