பஞ்சநாதன் கொடுத்த படம்

படம் எடுப்பதற்கு முன் பஞ்சநாதன் ஒன்று செய்வார். கேமராவுக்குப் பின்னால் குனிந்தவர் மறுபடி நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வருவார். முகவாயைத் தொட மாட்டார். அதற்குக் கீழே காற்றில் இரண்டு விரலை வைத்து மெல்ல உயர்த்துவார். விரலோடு முகமும் தானாக எழும். "மூச்ச விடுங்க" என்பார். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் மூச்சைப் பிடிக்கத்தான் சொல்வார்கள்.

மரக்காணம் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவருடைய ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, கோட்டக்குப்பத்துப் பையன்களின் பாஸ்போர்ட் படம் என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பு, சுனாமியில் கடல் உள்ளே வந்த பிறகு மாறிவிட்டது. கல்யாணக் கூட்டப் படங்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். "இந்தா, மூணாவதா நிக்குது பாருங்க, அது மட்டும் தனியா வேணும்." ஒரு முகத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பெரிதாக்கிக் கொடுப்பார். அந்த நெகட்டிவ்களைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே துண்டு விரித்து மூடி வைத்திருந்தார்.

அடுத்த வருடம் உப்பு வாரும் காலத்தில் டி.வி. தொடர் எடுக்க ஒரு குழு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படித்த ஒரு பேய்க்கதை நாவலை ஞாயிற்றுக்கிழமைத் தொடராக்கினார்கள். கொலையுண்ட மாணவி உப்பளத்துக்குத் திரும்பி வந்து, கொன்றவனைத் தேடுகிற கதை. அந்தக் குழுவில் காட்சித் தாள்களை நகல் எடுக்கும் வேலை எனக்கு. நாவலில் அந்தப் பெண்ணுக்கு முகமே கிடையாது. வரப்பில் ஈரக் கால்தடம் மட்டும் வரும். எனக்குப் பிடித்ததே அதுதான். இயக்குநர் ஒப்பவில்லை.

"படிக்கிறவன் முகத்த அவனே வரைஞ்சிக்குவான். டி.வி. பாக்குறவன் சோறு தின்னுக்கினே பாக்குறான்பா. அவனுக்கு நாமதான் மூஞ்சி காட்டணும்."

அப்படித்தான் புதிதாக ஒரு காட்சி சேர்ந்தது: சுவரில் மாலை போட்ட, பொட்டு வைத்த படம். படம் வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் பஞ்சநாதன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "செத்துப்போன புள்ளைய பேயா வேற அலைய வுடணுமா?"

"யாராவது உயிரோட இருக்கிற பொண்ணு படம்..."

"ஊரான் வூட்டுப் பொண்ணுக்கு மால போட நான் யாரு தம்பி?"

பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, பள்ளிச் சீருடையில் ரெட்டை ஜடையோடு இருந்த ஒரு பெண்ணின் படத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவருடைய மகள் மலர்கொடி. "எம் பொண்ணுதான். கேக்க ஆளு இல்ல."

கேட்க ஆள் இருந்தது. தொடரின் முன்னோட்டம் டி.வி.யில் ஓடிய அன்று நான் அவர் வீட்டுக்குப் போனபோது, மனைவி சரஸ்வதி நடுவீட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, உனக்கு வேற எழவே கெடைக்கலயா? பெத்த பொண்ணுக்கே மால போட்டு மாட்டியிருக்க! பூ வைக்க நாள் பாத்துக்கினு இருக்கிறாங்க, அவங்க பாத்தா என்னாய்யா ஆவறது?"

"நடிப்புதானே சரசு..."

"நடிப்பு! உம் மூஞ்சிய மாட்டுறதுதானே!"

மலர்கொடி கதவோரம் நின்றாள். வந்துபோன வரன்களில் அவளாகச் சரி என்று தலையாட்டியது பொம்மையார்பாளையத்துச் செந்தமிழுக்குத்தான். அவள் கத்தவில்லை. "அப்பா, அவங்க வீட்ல டி.வி. இருக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பகுதி ஏற்கெனவே சேனலுக்குப் போய்விட்டது, மாற்ற முடியாது என்று இயக்குநர் கையை விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பஞ்சநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "கோவிச்சிக்கிறதா இருந்தா நேர்லயே கோவிச்சிக்கட்டும். நீயும் வா தம்பி, டி.வி. ஆளு சொன்னா நம்புவாங்க."

பொம்மையார்பாளையத்துக்குப் பஸ் ஏறினோம். செந்தமிழின் தாய் விருத்தாம்பாள் எங்களை உட்காரவைத்து, கலர் வாங்கிவரச் சொன்னார். பஞ்சநாதன் வெயில், பஸ், உப்பு விலை என்று எதையெதையோ சொன்னார். வந்த காரியம் மட்டும் வாயில் வரவில்லை. அதற்குள் தொடர் தொடங்கிவிட்டது. கேமரா சுவரை நோக்கி மெதுவாக நகர்ந்தது. மாலை. பொட்டு. ரெட்டை ஜடை.

பஞ்சநாதன் எழுந்துவிட்டார். "அம்மா, அது எம் பொண்ணுதாங்க. நாந்தான் குடுத்தேன். வேற யாரு படத்தையும் குடுக்க மனசு வரலைங்க."

செந்தமிழ் தன் தாயைப் பார்த்தான். விருத்தாம்பாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உக்காருங்க சம்பந்தி, மறைக்குது."

அவர் உட்கார்ந்த விதத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

விளம்பரம் வந்ததும் அந்த அம்மாள் திரும்பினார். "இருக்கிறவங்கள செத்துட்டதா சொன்னா ஆயுசு கெட்டின்னுவாங்க. ஊரே பாத்துடுச்சி, இந்தப் பொண்ணுக்கு நூறு வயசு. எம் புள்ள பாடுதான் திண்டாட்டம்." பிறகு என்னிடம், "ஏம்பா, கொன்னது அந்த வாத்தியாரா? சொல்லிட்டுப் போயேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பாரு, வாயத் தொறக்குதா பாரு" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் பஞ்சநாதன் பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் வீட்டுக்குப் பேசினார். "டி.வி. இருக்குது. எல்லாம் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல சரசு, ஒண்ணும் இல்ல." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைக்காரர் இன்னொரு ரூபாய் போடச் சொன்னார்.

அடுத்த முகூர்த்தத்திலேயே பூ வைத்தார்கள். தை மாதம் கல்யாணம்.

அதற்கு வெகு நாள் கழித்துத்தான் செந்தமிழ் என்னிடம் இதைச் சொன்னான். நாங்கள் போவதற்கு முன்பே விருத்தாம்பாள் அந்த முன்னோட்டத்தைப் பார்த்திருக்கிறார். முகத்தையும் அடையாளம் கண்டிருக்கிறார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை, திண்டிவனத்தில் துணி எடுக்கப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மயிலம் முருகன் கோவிலுக்குப் போய் மலர்கொடி பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறார்.