தேக்கா மில்லுல கண்ணாமூச்சி ஆடுன டிஸ்க்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர்ல பொய் சொல்றது மெஷின்தான், நாம இல்ல. பழைய பெட்டியோட மல்லுக்கட்டுற என் சகபாவிங்களே, கேளுங்க.

நான் போனா சமத்து

சிங்கப்பூர் தேக்காவுல சரோஜா அக்கா மசாலா மில்லு வச்சிருக்காங்க. எந்த வீட்டு மீன் குழம்புத் தூளுக்கு எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகாய்னு எல்லா அளவும் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல. வேற எங்கயும் எழுதி வைக்கல. தீபாவளி நெருங்குற நேரம் பார்த்து அடிக்கடி "டிஸ்க் எரர்".

போன் வந்ததும் புக்கிட் பாத்தோக்லேர்ந்து ஓடினேன். ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தேன், ஒரு எரர் வரணுமே! அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "உன் மூஞ்சிக்குப் பயப்படுது போல. ஒரு போட்டோ ஒட்டிட்டுப் போ தம்பி."

காப்பி கேட்ட குத்தம்

திரும்பிப் போக எம்ஆர்டி ரயில்கூட ஏறல, அதுக்குள்ள மறுபடி போன். திரும்பிப் போனேன், மறுபடி சமத்து. ஒயரை மாத்தினேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். நம்ம பையில அதைவிட நல்ல டூல் ஏது?

"எதுக்கும் அந்த அளவையெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்குறேன்க்கா"ன்னேன். வந்துச்சே கோபம்! "ஊரு வீட்டு ரகசியமெல்லாம் உன் பாக்கெட்ல போறதுக்கு, அது இங்கயே சாகட்டும்லா!"

சொல்லாம போன நாள்

மூணாவது தடவை போன் பண்ணாமலே போயிட்டேன். மில்லு கடகடன்னு ஓடுது. ஒட்டி நிக்கிற மேசை ஆடுது, மேல கம்ப்யூட்டரும் கூடவே ஆடுது. ஸ்கிரீன்ல எரர்! என்னைப் பார்த்ததும் அக்கா ஓடிப்போய் மில்லை நிறுத்துனாங்க. எரரும் நின்னுபோச்சு.

பழைய டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்தும், ஊசி மாதிரி ஒண்ணு படிக்கும். இந்த ஆட்டத்துல அது எங்க படிக்கிறது? "அக்கா, நான் வரும்போதெல்லாம் மில்லை நிறுத்திடுவீங்களா?"ன்னேன். "பின்ன? வீடு தேடி வந்தவனை மிளகாய் நெடில தும்ம விடுவாங்களா?"

சுவத்தைப் பார்த்து வேலை

மேசையைத் தள்ளிப் போட்டேன். ஆட்டத்துல டிஸ்க்கும் அடி வாங்கியிருந்துச்சு. புது டிஸ்க்குக்கு மாத்தித்தான் ஆகணும்னு கெஞ்சினேன். ஒத்துக்கிட்டாங்க, ஆனா அளவெல்லாம் புதுசுல ஏறி முடியுற வரைக்கும் நான் சுவத்தைப் பார்த்து உக்காரணுமாம். உக்காந்தேன்.

எல்லா வீட்டு அளவும் வந்துருச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் படிக்கவே இல்ல. யாரு வீடு? அக்கா வீடேதான்! அக்கா அசரல. "போகட்டும் விடு. என் புருஷன் ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லியிருப்பாரா?"

நம்ம தொழில்ல பாதி நோயை மறைக்கிறது, நமக்குக் கிடைக்கிற மரியாதைதான்.

சரி, ஓசில சிரிச்சது போதும், ஆளுக்கொரு தே தாரிக் டீ சொல்லுங்க. எனக்கு மட்டும் வடையோட.