முட்டையைவிட மூன்று குஞ்சு கூட

பசங்களா, எங்கப்பா ஆமை ஆபீசர்னு நீங்க ரெண்டு பேரும் ஸ்கூல்ல சொல்லிக்கினு திரியறதாக் கேள்விப்பட்டேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அப்பா சிறுசேரிக்கு வேன் ஓட்டுகிறவன். ஆமைக்காக நான் செய்தது அறிக்கை எழுதியது மட்டும்தான். அதில் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

புதுப்பட்டினத்துக் கரையில் கடலாமை முட்டையிட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும். அதனால் எங்கள் ஊர் ஆமைக் காவல் குழு, வனத்துறையிடம் அனுமதி வாங்கி, முட்டைகளை எடுத்து வேலிக்குள் மறுபடி குழி போட்டுப் புதைத்துக் காத்து வந்தது. வேலிக்கும் காவலுக்கும் வெளியூர் அறக்கட்டளை ஒன்று உதவியது, ஒரு வருஷத்துக்கு மட்டும். கடைசியில் நாங்கள் அனுப்பும் அறிக்கையை அவர்கள் நம்பினால்தான் அடுத்த வருஷமும் கிடைக்கும். இல்லாவிட்டால் வேலியைப் பிரிக்க வேண்டியதுதான்.

குழுவில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன். ஐ.டி. ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை வேனில் சும்மா கிடப்பவனும் நான்தான். அறிக்கை என் தலையில் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

முட்டை எண்ணுவது மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்கா. வெயில் ஏறுவதற்குள், உருட்டாமல் எடுக்க வேண்டும். அந்த வேகம் அவர் கைக்குத்தான் உண்டு. அவர் "இருபது" என்றால் நான் நோட்டில் ஒரு கோடு போடுவேன், அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். குஞ்சு பொரிந்து கடலுக்குப் போகும்போது எண்ணுவது நான். எல்லாவற்றையும் செல்போனில் கட்டம் கட்டமாக அடித்து அனுப்பிய அன்று, கலெக்டர் பரீட்சை பாஸ் பண்ணியவன் மாதிரி பாதாம் பால் வாங்கிக் குடித்தேன்.

நாலாம் நாள் அறக்கட்டளை மேடம் போன் பண்ணினார். மூன்றாவது குழியில் எழுதியிருக்கிற முட்டையைவிட மூன்று குஞ்சு அதிகமாக இருக்கிறதே என்றார்.

"நல்லா பொரிச்சிருக்கு மேடம்" என்றேன், பெருமையாக.

மேடம் இரண்டு எண்ணையும் மறுபடி படித்துக் காட்டினார். எனக்கும் அப்புறம்தான் உறைத்தது. இரட்டைப் பிள்ளையாக இருக்குமோ என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதிய கணக்கு என்று எங்கள் கமிட்டி நினைக்கும், சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றார் மேடம்.

குழுத் தலைவர் கவலையே படவில்லை. "குஞ்சுல மூணு அழிச்சிடு அண்ணாத்த, முடிஞ்சிது" என்றார். அழிக்கலாம் என்று செல்போனைத் திறந்தேன். ஆனால் அந்த மூன்றும் அலைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். மூடிவிட்டேன்.

நேராக அக்காவிடம் போனேன். கேட்டதுமே அவருக்குக் கோபம்.

"இருபது வருசமா மீன் எண்ணுறேன், ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீ போய் உன் வேன்ல ஏறுறவங்கள எண்ணு."

நான் நகர்வதற்குள் ஒருவர் மத்தி வாங்க வந்தார். அக்கா எண்ணிப் போட்டார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. வாய் நின்றுவிட்டது. கை மட்டும் இன்னொரு மீனை எடுத்துப் பைக்குள் விட்டது.

"அக்கா, இப்ப போட்டது இன்னா?"

"கொசுறு. இதுகூடத் தெரியாதா?"

"ஆமை முட்டைக்கும் போட்டியா?"

அவர் தன் கையை யாரோ விட்டுப்போன கை மாதிரி பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆமை கேக்கவேயில்ல தம்பி. நானாத்தான் குடுத்துகினு இருந்திருக்கேன்."

சனிக்கிழமை மேடம் முன்னால் கிளிஞ்சல்களைக் குவித்து, முட்டை மாதிரி எண்ணச் சொன்னேன். அக்கா புதுப்புடவையில், ஸ்கூல் பிள்ளை போல எண்ணினார். சரியாக இருபது. மறுபடியும் சரியாக இருபது. கவனித்து எண்ணினால் கை கொசுறு போடாது போல. சட்டென்று, முந்தின நாள் நண்டு சரியில்லை என்று அவரிடம் சண்டை போட்ட வாடிக்கைக்கார அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான். வாய் அந்த அம்மாவைத் திட்ட ஆரம்பித்தது, நடுநடுவே எண்ணிக்கை, ஒவ்வொரு இருபதுக்கும் கூடுதலாக ஒரு கிளிஞ்சல் தானாகப் பறந்தது. மேடம் மணலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் காவலுக்கு இருந்தவர் ஓடிவந்துவிட்டார்.

கிளம்பும்போது மேடம், எந்த எண்ணையும் திருத்தாதீர்கள், நடந்ததைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள், கமிட்டிதான் முடிவு செய்யும் என்றார். திங்கட்கிழமை வேனில் உட்கார்ந்து எழுதினேன்:

"முட்டை எண்ணியவர் மீன் வியாபாரி. இருபதுக்கு ஒன்று கொசுறு போடுவது அவர் கைப்பழக்கம். ஆகவே எல்லாக் குழியிலும் முட்டை குறைத்து எழுதப்பட்டுள்ளது. மற்ற குழிகளில் பொரியாத முட்டைகள் அதிகம் இருந்ததால் அது தெரியவில்லை. குஞ்சுகள் பொய் அல்ல."

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள், சிறுசேரி வாசலில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தது. இன்னொரு வருஷம் உண்டு. வருகிற சீசனில் இரண்டு பேர் எண்ண வேண்டும், அவ்வளவுதான். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. பின்சீட்டில் ஒரு பெண், அண்ணா உடம்பு சரியில்லையா என்று கேட்டது.

கடைசி ஆளை இறக்கிவிட்டு வேலிப் பக்கம் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆள் யாரும் இல்லை. சாவியையும் செல்போனையும் செருப்பின்மேல் வைத்தேன். இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டு, மணலில் ஒரு குட்டிக்கரணம் போட்டேன்.