தசல்லாவின் தலைச்சம்பிள்ளை

தசல்லா பெற்றது ஏழு. அதில் ஆறு பேரின் பெயரைத் தெருவே கேட்கக் கத்திக் கூப்பிடுவாள். மூத்தவள் பெயரை மட்டும் அவள் வாய் சொன்னதே கிடையாது. சொல்லக் கூடாது. தலைச்சன் பிள்ளையிடம் தாய்க்கு வெட்கம் இருக்க வேண்டும். கொஞ்சக் கூடாது, நாலு பேர் முன்னால் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, யாராவது அந்தப் பிள்ளையைப் புகழ்ந்தால் காது கேட்காத மாதிரி எழுந்து போய்விட வேண்டும். ஃபுந்துவா ஊரில் இது தெரியாத வீடு கிடையாது. போதாக்குறைக்குப் பெண்ணுக்கு வைத்தது மாமியாரின் பெயர், ரகியா. அதையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே இருபது வருஷமாக அந்த மகள் அவளுக்கு "ஏய்", "அந்தப் பொண்ணு", மிஞ்சிப் போனால் மற்றவர்களிடம் "உங்க அக்கா".

ரகியா கைக்குழந்தையாக அழுத நாட்களில் தசல்லா அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் புருஷனின் மூத்த மனைவி டேலுவைத் தேடும். டேலு வாய்க்காரி, ஆனால் மனசு வெல்லம். "உன் வெட்கத்தைக் கொண்டு போய்க் கொடியில காயப் போடுடி, புள்ள பசியில துடிக்குது" என்று திட்டியபடியே குழந்தையைத் தூக்கி வந்து, அறைக்குள் தசல்லாவின் மடியில் போட்டுக் கதவைச் சாத்துவாள். அந்த மூடிய கதவுக்குப் பின்னால்தான் அவள் பாலூட்டினாள், முத்தமிட்டாள், அழுதாள். பிள்ளைக்கு விவரம் தெரிய ஆரம்பித்ததும் அதுவும் நின்றுபோனது. வழக்கத்தைக் குறை சொல்லும் ஆளில்லை தசல்லா. அவளுடைய அம்மாவும் அவளை இப்படித்தான் வளர்த்தாள், அவளும் தலைச்சன்தான். ஆனால் இதையெல்லாம் நெஞ்சுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்க முடிகிறதா என்ன?

அந்த ரகியாவுக்குத்தான் பல்கலைக்கழகத்தில் தாய்மொழி ஹவுசாவையே படிக்க வேண்டும் என்று பைத்தியம். தெருவே சிரித்தது. "ஹவுசாவா? சந்தையில கழுதை கூட ஹவுசாவுலதான் உதை வாங்குது, அதைப் படிக்கப் பரீட்சை வேறயா?" என்று டேலு கேட்டாள். போன வருஷம் நுழைவுத் தேர்வில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்துவிட்டது. வீட்டுக்காரர் மாலம் இலியா தானியக் கடை வைத்திருப்பவர், கெட்டவர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். "இந்த ஒரு தடவைதான். எடம் கெடைச்சா படிக்கட்டும். இல்லேன்னா பராவுவுக்கு வார்த்தை கொடுத்துடுவேன். அவளுக்கு எளையவளுக்கே கல்யாணம் ஆகப்போகுது, ஊர்ல என்னால தலை நிமிர முடியல" என்று சொல்லிவிட்டார். பராவு மோட்டார் சாமான் விற்பவன். ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. ஆள் தங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் ரகியாவுக்குச் சாப்பாடு இறங்காது, அதைத் தசல்லா தினமும் தட்டைக் கழுவும்போது பார்த்தாள்.

மத்தியானத்தில் ரகியா வேப்ப மரத்தடியில் பழைய கேள்வித்தாள் புத்தகத்தோடு உட்காருவாள். இந்தப் பக்கம் தசல்லாவும் இரண்டாவது மகள் பில்கியும் ஊறவைத்த காராமணியைத் தோல் நீக்குவார்கள். ரகியா ஒரு கேள்வியைச் சத்தமாகப் படித்துத் திணறினால், தசல்லா தலை நிமிராமல் பில்கியிடம் சொல்வாள்: "கேட்டுக்கோ பில்கி. நெசவாளிக்கும் சாயக்காரனுக்கும் வெவ்வேற பாராட்டுச் சொல்லு உண்டு. முதல்ல நெசவாளிக்கு உண்டானது..."

"எனக்கு எதுக்கும்மா இது? நான் கல்யாணப் பொண்ணு!"

"கல்யாணப் பொண்ணுன்னா அறிவு வேண்டாமா? கேளு."

பில்கி கேட்க மாட்டாள். மரத்தடியில் பென்சில் ஓடும் சத்தம் கேட்கும். தசல்லாவுக்கு அதுவே போதும்.

ஒரு நாள் ரகியா படித்தாள்: "தலைச்சன் பிள்ளையின் பெயரைத் தாய் சொல்லாதிருப்பது கீழ்க்கண்டவற்றில் எதைக் காட்டுகிறது? அ, கோபம். ஆ, வெட்கம். இ, பயம். ஈ, வறுமை."

டேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்கு நாலு விடை எழுதி வச்சிருக்கான் பாரு! எங்க தசல்லா மூஞ்சியப் படம் புடிச்சுப் போட்டிருந்தா ஒண்ணு போதுமே!"

எல்லோரும் சிரித்தார்கள், ரகியாவும்தான். சிரித்துவிட்டு, விடையைக் குறிக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தசல்லா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பில்கியின் கல்யாணமும் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து மாட்டிக்கொண்டன. மருதாணி நாளன்று முற்றம் முழுக்கப் பெண்கள். கொட்டும் குலவையும் காதைக் கிழித்தன. தலைச்சாயம் கலந்த கருப்பு மருதாணியைக் குழைத்து, மணப்பெண்ணுக்கும் தோழிகளுக்கும் விரல் நுனி முதல் முழங்கை வரை இட்டுக்கொண்டிருந்தார்கள். ரகியா மூலையில் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம், இரண்டு கையும் வெறுமை. அத்தைமார் சும்மா இருப்பார்களா?

"தங்கச்சி புருஷன் வீட்டுக்குப் போறா, அக்கா காகிதத்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"அவ கைய யாரு புடிக்கிறது? பெத்தவளே புடிச்சதில்ல."

இந்தக் கடைசிச் சொல் தசல்லாவைச் சுருக்கென்று தைத்தது. பந்தி வேலையைப் போட்டுவிட்டு அவள் மருதாணிக் கிண்ணத்தை எடுத்தாள். நேரே மூலைக்குப் போனாள். ரகியாவின் எதிரில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, மகளின் கையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். கொட்டு நின்றுவிட்டது.

"அடியே தசல்லா, வெட்கம் எங்கடி போச்சு?"

"என் வீட்டு விசேஷத்துல ஒரு கை வெறுங்கையா இருந்தா எனக்குத்தான் கேவலம்" என்றாள் தசல்லா. ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நுனியில் கருமையை அப்பினாள். பத்து விரலுக்கும். மகள் கை இவ்வளவு மெலிந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ரகியா ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் விரலைத் தொட்டபோது மட்டும் அவள் கை சற்றே பின்னால் போனது. பிறகு தளர்ந்து அப்படியே கிடந்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள் தசல்லா.

மறுநாள் விடிந்ததும் ரகியா குழாயடியில் குந்தியிருந்தாள். எலுமிச்சையும் மணலும் வைத்து விரல்களைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தசல்லா குடத்தோடு வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். ஊர் வாய்க்குப் பயந்து நான் வைத்ததை அழிக்கிறாள், நான் தொட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, சமையல் புகையைச் சாக்காக வைத்து அழுது தீர்த்தாள். போகிற கருப்பா அது? தோலோடு ஒட்டிக் கிடந்தது.

தேர்வு நாளில் டேலுதான் துணைக்குப் போயிருக்க வேண்டும். கல்யாணத்தில் ஆடிய ஆட்டத்தில் அவளுக்குக் கால் பிசகி, அம்மி மாதிரி வீங்கிக் கிடந்தது. புருஷனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தசல்லாவே கிளம்பினாள். ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்தார்கள். ரகியாவின் உதடு மட்டும் எதையோ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நெசவாளியின் பாராட்டு அது என்று தசல்லா கண்டுபிடித்துவிட்டாள், அவளுக்கு உள்ளுக்குள் பெருமை தாளவில்லை.

வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை. வருகிறவர்கள் ஒரு சின்னக் கண்ணாடிமேல் விரலை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனார்கள். ரகியா வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. மேசையிலிருந்த இளைஞன் துணியால் துடைத்துப் பார்த்தான், பத்து விரலையும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவன் ரகியாவை ஒதுங்கி நிற்கச் சொன்னான்.

தசல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "தம்பி, அவதான்! நான் பெத்தவ சொல்றேன், அது அவளேதான்!"

இளைஞன் எழுந்து வந்தான். "பொண்ணு பேரு என்னம்மா?"

தசல்லாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவன் முகம் இளகியது. அவனும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. "தலைச்சனா? சரி, விடுங்கம்மா, சொல்ல வேண்டாம். ஆனா நீங்க சொன்னாலும் நான் சொன்னாலும் மெஷின் கேக்காது. ரேகை தெரியாம உள்ள விட்டா என் வேலை போயிடும். விரல்ல மருதாணி வைக்காதீங்கன்னு பேரு பதியும்போதே ஒவ்வொருத்தருக்கும் தலை தலையா அடிச்சுக்கிட்டோம். உங்க பொண்ணு கேட்டுத் தலையாட்டினவதான்."

கதவு மூடியது. உள்ளே மணி அடித்தது. வெளியே வந்த மகளிடம் தசல்லா கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பேனே! பராவு வீட்டுல தாம்பூலத்தோட வந்து நிப்பாங்களே, இப்ப நான் என்னடி செய்வேன்?"

ரகியா தன் விரல்களைப் பார்த்தபடி நின்றாள். "சொல்லியிருந்தா கைய விட்டிருப்பீங்க" என்றாள். "எனக்கு விட மனசு வரல."

தசல்லா நடுரோட்டில் தலையிலடித்துக்கொண்டாள். "நாசமாப் போகட்டும் இந்த வெட்கம்!" என்று வாய்விட்டுக் கத்தினாள். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ரகியாதான் பயந்துபோய்த் தாயின் முக்காட்டைச் சரிசெய்து, "சத்தம் போடாதீங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று கெஞ்சினாள்.