"ஊசி போட்டனான், மிஸ்"

மோட்டார் சைக்கிளை கராஜில் விடுவதுபோலப் பிள்ளையை விட்டுவிட்டு, "பின்னேரம் வந்து எடுக்கிறம்" என்று கிளம்பும் தாய் தகப்பனை வாசலில் மறித்து, "நீங்களும் உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்வதுதான் என் தொழில். குடும்ப ஆலோசகர் என்று பெயர். பதின்ம வயதுப் பிள்ளைக்குக் குணமோ உடம்போ குழம்பினால், வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரே அறையில் இருத்திக் கதைப்போம். உங்கள் வீட்டிலும் பதினைந்து வயது ஒன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறதா? அப்படியானால் என் பயம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்களுக்கு ஒன்றுமில்லை

அவளுக்குத் துவாரகா என்று பெயர் வைத்துக்கொள்வோம். இணுவில் பக்கம். சீனி வருத்தம் வந்து இரண்டு வருடம். அவளுக்கு வந்த வகைக்குக் குளிசை சரிவராது, நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு தடவை மயங்கி வார்ட்டுக்கு வந்துவிட்டாள். "ஊசி போடாமல் ஏமாத்துறாள் போல. இன்னொருக்கா பிந்திக் கொண்டு வந்தால் காப்பாத்துறது கஷ்டம்" என்று சொல்லித்தான் டொக்டர் என்னிடம் அனுப்பினார்.

அப்பா எந்த நேரமும் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்ப ஆயத்தமாக மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் பிடித்தபடி கதவோரக் கதிரையில் இருந்தார். கதைத்ததெல்லாம் அம்மாதான். பிள்ளையின் ஃபோனைப் பறித்தாயிற்று, நடன வகுப்பை நிற்பாட்டியாயிற்று, கோயிலில் நேர்த்தியும் வைத்தாயிற்று. அவளோ கோப்பையை எறிந்து உடைக்கிறாள், ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை. என்னிடமும் ஒரே வசனம்தான் சொன்னாள்: "ஊசி போட்டனான், மிஸ்." நான் தலையாட்டினேன். நம்பித்தான் ஆட்டினேன் என்று உங்களிடம் புளுகமாட்டேன். எழும்பும்போது அம்மா சொன்னார்: "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ், உவளை மட்டும் திருத்தித் தாங்கோ."

என்ன பாடம்?

அடுத்த கிழமை அவர்கள் வரவில்லை. வராத குடும்பம்தான் எங்கள் நித்திரையைக் கெடுப்பது. அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். கணவரின் அக்கா கனடாவிலிருந்து வந்து இரண்டு மாதமாக நிற்கிறாராம், திருவிழா முடியும்வரை வெளிக்கிட ஏலாதாம். அப்படியென்றால் நான் வருகிறேன் என்றேன்.  அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். கனடாவிலிருந்து வந்த அந்த மச்சாளுக்குப் பிள்ளையின் வருத்தம் தெரியாது. ஊருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு கலியாணம் பேசப் போனால் இதுதான் முன்னுக்கு வந்து நிற்கும். வார்ட்டில் கிடந்ததைக்கூட டெங்கு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகவே நான் ரியூசன் ரீச்சராக வரவேண்டும்.

போனேன். மச்சாள் வாசலிலேயே மறித்து என்ன பாடம் என்று கேட்டார். விஞ்ஞானம் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கையிலை ஒரு புத்தகமும் இல்லாமல் வாற ரீச்சரை இப்பதான் பாக்கிறன்."

செய்து காட்டுங்கோ

வீட்டில் நடப்பதைச் சொல்லச் சொன்னால் ஆளுக்கொரு கதை வரும். அதனால் "சொல்லாதேங்கோ, செய்து காட்டுங்கோ" என்பது எங்கள் வேலையில் ஒரு வழக்கம். அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஊசி போடும் நேரத்தில் என்ன நடக்குமோ அதை அப்படியே செய்யச் சொன்னேன். அம்மா மருந்தெடுக்க எழும்பிப் போனார். துவாரகா கட்டிலில் இருந்தாள். முகம் வெளிறி, பெரிது பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன். மூச்சில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாசம். சீனி எல்லை மீறி ஆபத்தாகும்போது அந்த வாசம் வரும் என்று டொக்டர் சொல்லித் தந்திருக்கிறார். 

உடனே வெளிக்கிட வேண்டும் என்று சொல்ல அம்மாவைத் தேடி ஓடினேன். மருந்தெடுக்கப் போனவர் ஃபிரிட்ஜடியில் இல்லை. குசினிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சாமான் அறையில் ஸ்டூலில் ஏறி நின்று, கூரையோடு ஒட்டிய தட்டிலிருந்து ஒரு பால்மாத் தகர ரின்னை இறக்கிக்கொண்டிருந்தார். கை நீட்டி வாங்கினேன். ரின் சுட்டது. உள்ளே இன்சுலின் போத்தல்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் தண்ணி எடுக்கத் திறக்கும் மச்சாளின் கண்ணில் படும் என்று, அவர் வந்த நாளிலிருந்தே மருந்து இங்கேதானாம்.

அந்தச் சூட்டில் கிடந்தால் இன்சுலின் பழுதாகிவிடும். பிள்ளை சொன்னபடி ஊசி போட்டிருக்கிறாள், போத்தலுக்குள்தான் மருந்தின் சத்து இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், துவாரகா சுவரைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். "போட்டனான் எண்டு சொன்னனான்தானே, அம்மா."

முற்றத்தில் நின்ற வான்

அந்த நிலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்ற ஏலாது. கோயிலுக்குப் போக மச்சாள் வாடகைக்குப் பிடித்த வான் முற்றத்தில் நின்றது. மச்சாள் பட்டுச்சேலையோடு முன் சீற்றில் இருந்தார். அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவளுடைய கண் செருகத் தொடங்கியிருந்தது. "என்னடா பிள்ளைக்கு?" என்று மச்சாள் கத்தினார். அம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் டெங்கு என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அதுவரை என் முன்னால் ஒரு வசனமும் கதைக்காத அப்பா கதைத்தார்: "சீனி வருத்தம், அக்கா. ரெண்டு வருசமா. கனடா முழுக்கச் சொல்லுங்கோ, இப்ப வானை எடுக்கச் சொல்லுங்கோ."

நம்புவியளோ?

பிழைத்துவிட்டாள். அவள் கண் திறக்கும்வரை வார்ட் வாசலில் நான் கும்பிடாத தெய்வமில்லை. இப்போது மருந்து ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குக் கீழே, யார் திறந்தாலும் தெரியும்படி இருக்கிறது. மச்சாள் கனடாவுக்குச் சொன்னாரோ தெரியாது. அடுத்த தடவை, திருவிழாவை விட்டுவிட்டு அவர்கள் எல்லோரோடும் எங்கள் அறைக்கு வந்து கதிரை இழுத்துப் போட்டு இருந்தார்.

அன்றைக்கு அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கும் மனம் இளகி, "இனிமேல் நீ சொல்லுறதை நாங்கள் எல்லாரும் நம்புவம், பிள்ளை" என்றேன். துவாரகா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை. கடைசியில் என்னிடம் வந்து நின்றது பார்வை. "அப்ப இனி நான் உண்மையாவே போடாமல் விட்டிட்டு, போட்டனான் எண்டு சொன்னாலும் நம்புவியள், என்ன மிஸ்?"

பிள்ளையை நம்பாமலும் பயந்து, நம்பியும் பயப்படுவதற்கு எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள், பெற்றவர்களாகிய நீங்கள் அதையே சும்மா செய்கிறீர்கள்.