நாற்பத்தொன்றாவது அழைப்பு

நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. அன்று நான் குடித்திருந்தது காபி மட்டும்தான்.

வடதுருவ வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஔலு நகரில் கணிப்பொறிகளைச் சோதித்துச் சொல்வது என் பிழைப்பு. அந்த டிசம்பரில் என் மேஜைமேல் இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் சர்வர் ப்ராசஸர். அதற்குக் கைகள் ஏராளம், ஆனால் ஒவ்வொரு கையும் நிதானமாகத்தான் வேலை செய்யும். மற்றதில் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர். கைகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பறக்கும். இரண்டில் எது தேறுகிறதோ அது அவசர உதவி மையத்துக்குப் போகும். ஆபத்தில் கூப்பிடுகிறவர்களின் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் காட்டுவது அதன் வேலை. முகவரி எழுத்தாகத் தாமதமானால் ஒரு உயிர் போகலாம்.

சோதனைக்காக உள்ளூர்க்காரர்களை நடிக்கவைத்துப் பதிவுசெய்த நாற்பது பொய் அழைப்புகள் வைத்திருந்தோம். நாற்பதையும் ஒரே நேரத்தில் இரண்டு இயந்திரங்களுக்கும் ஊட்டுவேன். ஒவ்வொரு திரையிலும் நாற்பது கட்டங்கள் தெரியும்.

சனிக்கிழமை. மாலை மணி நான்குதான், வெளியே கும்மிருட்டு. ஹீட்டரை அணைத்து, ஜன்னலை விரியத் திறந்து, கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். குளிரில் ப்ராசஸர் சூடேறாமல் ஓடும், எண்களும் அழகாக வரும். ஐந்து சுற்று ஓட்டினேன். ஐந்திலும் டெஸ்க்டாப்தான் முந்தியது.

முதலாளி மார்கெத்தா போனில் வந்தாள்.

“என்ன தாபானி, முடிஞ்சுதா? இங்க நீராவிக் குளியலுக்கு சவுனா சூடேறி ரெடி. உனக்கு சாசேஜ்கூட வாட்டி வெச்சாச்சு.”

“டெஸ்க்டாப்தான் முன்னால நிக்குது. ஆனா நான் ஓட்டினது அஞ்சஞ்சு நிமிஷம்தான்...”

“உன் ‘ஆனா’வை மூட்டை கட்டு. ஆறு மணிக்குள்ள அவங்களுக்கு அறிக்கை போகணும். டெஸ்க்டாப்னே எழுதிடு, கிளம்பி வா.”

எழுத ஆரம்பித்தேன். ஓடிக்கொண்டிருந்த சோதனையை நிறுத்த மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தில் வியர்த்தது. கோட்டைக் கழற்றினேன். அப்புறம்தான் உறைத்தது... எனக்கு ஏன் வியர்க்கிறது?

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது.

காற்றாக இருக்கும் என்று எழுந்து திறந்தேன். வந்து உட்கார்ந்து இரண்டு வரிதான் எழுதியிருப்பேன்.

டக்.

மறுபடி மூடியிருந்தது. இந்தமுறை கொக்கியும் மாட்டியிருந்தது.

ஹீட்டரைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஆனால் அறை கொதித்தது. டெஸ்க்டாப்பின் விசிறி அலற ஆரம்பித்தது... ஊஊஊங்... சூடு தாங்காமல் அதன் வேகம் சரிந்தது. பாதியானது. பாதியிலும் பாதியானது. சர்வர் மட்டும் அதே நிதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டங்களை எண்ணினேன்.

நாற்பத்தொன்று.

ஹெட்ஃபோனை மாட்டி அந்தக் கூடுதல் கட்டத்தைக் கேட்டேன். ஒரு பெண் குரல், வயதான குரல். பின்னால் ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். சூடான கல்லில் தண்ணீர் விழும் சத்தம். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் அது.

எழுத்துகள் ஓடின.

‘கூரைப் பனி சரிஞ்சு கதவை அடைச்சிடுச்சு... தள்ள முடியலை... சூடு தாங்கலை... விறகுக் கொட்டகைக்குப் பின்னால, புதுச் சவுனா... ஹௌகிபுதாஸ் ஊர்ல...’

டெஸ்க்டாப் அங்கேயே நின்றுவிட்டது.

கர்சர் மட்டும் துடித்தது.

சர்வர் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

‘கோய்வு பாதை... பதினேழு... சீக்கிரம்...’

நிறுத்தும் பட்டனை அமுக்கினேன். நாற்பது கட்டங்கள் நின்றன.

அது நிற்கவில்லை.

‘சீக்கிரம்...’

அவசர உதவிக்கு போன் செய்து அந்த முகவரியைச் சொன்னேன்.

“உள்ள யாரு?”

“தெரியாது.”

“நீங்க அங்கதான் இருக்கீங்களா?”

“இல்ல. ஔலுல.”

“அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஐயோ... முதல்ல போங்க!”

போனார்கள். எங்கள் சவுனாக் கதவுகள் வெளிப்பக்கம்தான் திறக்கும். அந்தக் கதவின்மேல் இடுப்புயரத்துக்குப் பனி சரிந்து கிடந்ததாம். உள்ளே ஒரு கிழவர், நினைவு தப்பிய நிலையில். ஆனால் உயிர் இருந்தது. வேறு யாருமில்லை.

எழுதிய அறிக்கையை அழித்துவிட்டு, சர்வர்தான் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். விஷயம் கேள்விப்பட்ட மார்கெத்தாவும் சரி என்றாள்.

திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பெயர் ஒலாவி. இரண்டு கையிலும் கட்டு.

“நான் யாரையும் கூப்பிடலை தம்பி. என் போன் வீட்டுக்குள்ள கிடந்துச்சு.”

அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இன்னொரு தடவை போடு.”

போட்டேன்.

“ஹெல்வி. என் பொண்டாட்டி. பொய்யா உதவி கேட்டு நடிக்கணும்னு யாரோ கூப்பிட்டாங்கன்னு போனா. வந்து ஒரு வாரம் சிரிச்சா. ‘நான் பெரிய நடிகை, இனிமே காபி நீதான் போடணும்’னு ஒரே அலட்டல். அந்தக் குளிர்காலத்துலயே போயிட்டா.”

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அப்படியானால் இது பழைய பதிவுதான். எங்கோ கிடந்தது எப்படியோ கலந்துவிட்டது. தற்செயலாகத்தான் இருக்கவேண்டும். சிரிக்கக்கூட வந்தது எனக்கு.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“அவ போய் நாலு வருஷமாச்சு, தம்பி... அந்தச் சவுனாவை நான் கட்டினது இந்த ஆகஸ்டுல.”