மூணாந்தரம் கூப்பிட்டால்

அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியிருந்தது. கல்லூரிக் காலம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதான். கோவில்பட்டியில் நான் சேர்ந்த கல்லூரியின் விடுதி வராந்தா. பெட்டியும் வாளியும் சுருட்டிய பாயுமாகச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து நின்றன. அறை கொடுப்பதற்காக உள்ளே ஒருவர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை, ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது. என் பெயர் வந்ததும் நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மாவின் கை வந்து மூடிவிட்டது. முந்தின நாள் முழுக்க மிளகாய் வத்தல் குவியலின் முன் உட்கார்ந்து, வெளுத்ததைத் தனியாகவும் சிவந்ததைத் தனியாகவும் பிரித்த கை அது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்தக் காரம் போகாது. என் உதடுகள் எரிந்தன. கண்ணில் நீர் முட்டியது. அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. அவளைப்போலத் தெளிவான மனுஷியை நான் பார்த்ததில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று சொல்வதென்றால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல் நிலத்தின் நடுவில் இருக்கிறது. புஞ்சையைத்தான் நாங்கள் காடு என்போம். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம், மாசி மாதக் கடைசியில் பருத்திக் காட்டில் இருந்தோம். உச்சி வெயில். ஒற்றை உடைமரத்தின் சல்லடை நிழலில் அம்மா என் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சற்றுத் தள்ளி நின்று பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். பாதிச் செம்பில் தலையை நிமிர்த்தினான். எங்களுக்கு முதுகைக் காட்டி, அந்தப் பக்கமாகப் பார்த்து, "இந்தா வாரேம்மா" என்றான். செம்பைக் கீழே வைத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தான்.

அம்மா முதலில் சிரித்தாள். "ஏலே, நான் இங்கன இருக்கேன், நீ அங்கன எங்கலே போற?" என்றாள். அவன் திரும்பவில்லை. அம்மா கூப்பிட்டால் பிள்ளைகள் எப்படிப் போவார்களோ, அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல், அப்படித்தான் போனான். அம்மா என்னை உதறிவிட்டு ஓடினாள். பருத்திமார்க் குச்சிகள் சேலையைப் பிடித்து இழுக்க, வெடிப்பில் கால் மாட்ட, கரிசலில் எப்படி ஓடுவது? அவளுக்கு முன்னால் அவன் கிணற்றுக்குப் போய்விட்டான். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு.

வெயில் தலைக்கு ஏறிப் பையன் மயங்கி உள்ளே விழுந்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இருக்கலாம். நானும் பிற்பாடு நாலு எழுத்துப் படித்தவள்தான், அது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் அம்மாவின் மடியில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை. எனக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவன் யாருக்குப் பதில் சொன்னான் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உச்சி நேரத்தில் காட்டில் திரிவது ஆள் பெயரை ஒரு தரம்தான் கூப்பிடும், வேண்டியவர்களின் குரலில் கூப்பிடும், மறுபடி கூப்பிட அதற்கு முடியாது என்பார்கள் எங்கள் பக்கம். மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. அம்மா அதைச் சட்டமாக்கிவிட்டாள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் யாரையும் மூன்று தரம் கூப்பிட வேண்டும், மூன்றாவது தரத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். "இந்த வீட்டுல ஒரு செம்புத் தண்ணி கேட்டு வாங்குறதுக்குள்ள தொண்டை வறண்டுரும்" என்று அப்பா கேலி செய்வார். ஆனாலும் அவரும் மூன்று தரம்தான் கூப்பிடுவார். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் பழகிக்கொண்டார்கள். என் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்கள் மனதுக்குள் ஒரு தரம் சொல்லிவிடுவார்கள். அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது.

வராந்தாவில் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. பதில் சொல்லாதவர்களின் இடத்தைக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை. அவ்வளவு தூரம் தினமும் போய்வர அன்றைக்கு எங்கள் ஊருக்கு ஏது பஸ்? கல்யாண வீட்டுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில் அப்பா ஜன்னலை நோக்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"டீச்சரம்மா, பிள்ளை இங்கனதான் நிக்கா. இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டுருங்க."

"ஏன், காது கேக்காதா?"

"காது பாம்புக்காது. வாய்தான் மூணாந்தரத்துக்குத் தொறக்கும்."

வராந்தாவே சிரித்தது. எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெயர் வாசித்துக்கொண்டிருந்த விடுதிக் காப்பாளர் எழுந்து வெளியே வந்தார். கண்ணாடிக்கு மேலாக அம்மாவையும் என் வாய்மேல் இருந்த கையையும் பார்த்தார். அம்மா கையை எடுக்காமலே சொன்னாள்: "மூத்தவன் ஒரு தரத்துக்கே வாரேன்னுட்டான்."

வேறு விளக்கம் எதுவும் அவள் சொல்லவில்லை. காப்பாளரும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான் போலும். சிரித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வையில் அடக்கினார். பிறகு என் பெயரை நிதானமாக மூன்று தரம் சொன்னார். மூன்றாவதுக்கு அம்மாவின் கை இறங்கியது. "உள்ளேன் அம்மா" என்றேன். அதன்பின் நான் அங்கே இருந்த மூன்று வருடமும் அவர் என்னை ஒரு தரம் மட்டும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த மனுஷிக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் வத்தல் போட்டு வைத்திருந்த தகரப்பெட்டியைத்தான் துடைத்துத் துணி அடுக்கியிருந்தோம். அறையில் அதைத் திறந்ததும் அதே அறை கிடைத்த பிள்ளைகள் எல்லாரும் தும்மித் தீர்த்தார்கள். அப்பா போய்க் கடலைமிட்டாய் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்து அவர்களைச் சமாதானம் செய்தார். புறப்படும்போது அம்மா அழவில்லை. என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நாலு பேரு சிரிச்சா சிரிக்கட்டும். மூணு தரம் கேட்டாத்தான் வாயத் தொறக்கணும். என் கொரலா இருந்தா இன்னுங் கவனமா இரு" என்றாள்.

அவர்கள் போனபிறகு வாளியை எடுத்துக்கொண்டு விடுதியின் பின்பக்கம் போனேன். துவைகல்லுக்கு அப்பால் முள்கம்பி, கம்பிக்கு அப்பால் வெடித்துக் கிடந்த தரிசு. பஞ்சாலைச் சங்கு பகல் பன்னிரண்டுக்கு ஊதி ஓய்ந்தது. காற்று அசையவில்லை. அப்போது அந்தத் தரிசிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். அம்மாவேதான். பெயரின் கடைசி எழுத்தை அவள் மட்டுமே இழுப்பாள், அந்த இழுப்பும் இருந்தது. எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாய் திறந்துவிட்டது. காலையில் பட்ட காரம் காற்றுப் பட்டதும் சுரீரென்றது. வாயை மூடிக்கொண்டேன். வாளியைப் பிடித்தபடி இரண்டாவது தரத்துக்காக நின்றேன். இரண்டாவது தரம் கூப்பிடவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மட்டும் பார்க்க வந்தார். அன்றைக்கு அம்மா திரும்பி வந்தாளா என்று கேட்டேன். "எங்க வந்தா? பஸ்ஸுக்குள்ள என் பக்கத்துலதான் இருந்தா. மில்லுச் சங்கு ஊதவும் சேலைத் தலைப்பால வாயப் பொத்துனவ, விளாத்திகுளம் வார வரைக்கும் எடுக்கல. அழுகா போலன்னு நினைச்சேன். கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல" என்றார். நான் கேட்ட குரலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை போனில்கூட மூன்று தரம் கூப்பிட்டபிறகுதான் பேசுவாள். "பேலன்ஸ் தீந்துரும்மா" என்று நான் சிரிப்பேன். மதுரையில் நாங்கள் வளர்த்த என் மகளுக்கு இந்தப் பழக்கத்தை நான் கொடுக்கவில்லை. அவளிடம் அண்ணனைப் பற்றியும் சொன்னதில்லை. என் சமையலறையில் வத்தலே கிடையாது. கடையில் விற்கும் பாக்கெட் தூள்தான்.

மகளுக்குக் கயத்தாற்றுப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. போன ஆனியில் கொண்டுபோய் விட்டோம். சக்கரம் வைத்த பெட்டி, கட்டிலுக்கு மெத்தை. அங்கே பெயர் வாசிக்கும் வழக்கமே இல்லை, ஒரு மெஷினில் விரலை வைத்தால் போதும். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அவளுடைய அப்பா காரைத் திருப்பி நிறுத்தப் போனார். நானும் அவளும் விடுதியின் பின்வாசலில் நின்று தண்ணீர் குடித்தோம். எதிரே உழாத கரிசல், அதன் கோடியில் கானல். நேரம் உச்சியைத் தொட்டிருந்தது.

அவள் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். நான் அவளுடைய வலப்பக்கம் நின்றேன். அவள் இடப்பக்கமாக, கரிசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்தா வாரே…"

என் மகளுக்கு "வர்றேன்"தான் வரும். "வாரேன்" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. முழுச் சொல்லும் வெளியே வருமுன் என் கை அவள் வாய்மேல் இருந்தது. கையை அங்கே கொண்டுபோனது நான்தானா என்று எனக்குத் தெரியாது. அவள் திமிறினாள். விடவில்லை. மனதுக்குள் இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தேன். கரிசலில் ஒரு சத்தமும் இல்லை. அதன்பிறகுதான் கையை எடுத்தேன்.

அவள் கண் கலங்கியிருந்தது. உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். "என்னம்மா இது? கையில என்ன வச்சிருக்கீங்க, இப்படி எரியுது?" என்றாள்.

கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்க வத்தல் பிரித்த கையாக இருந்தது அது.